போலீஸை நம்பவில்லையா? அப்படியானால் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போலீஸ் ஸ்டேஷன் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் இல்லாமல் இல்லை, 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்ததை யாரும் மறக்கவில்லை. அந்தப் பக்கம் கேட்டால், வருகிற புகாரில் பாதி பொய், மீதி பங்காளிச் சண்டை என்பார்கள். இந்த அவநம்பிக்கை இப்போதைக்குத் தீராது. சரி, நம்பவில்லை என்றால் எல்லாவற்றையும் எழுத்தில் அல்லவா வாங்கி வைக்க வேண்டும்? நாம் செய்வது நேர்மாறு. வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு, "பார்க்கிறோம், போங்க" என்றதும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்துவிடுகிறோம்.

இதில் பெரிய தவறு, "தெரிஞ்சவர்" ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது. வார்டுக் கட்சிக்காரரோ இன்ஸ்பெக்டருக்கு வேண்டப்பட்டவரோ யாராவது இருப்பார். நீங்கள் ஒருவரைக் கூட்டிப் போனால் எதிர்த்தரப்பு இன்னும் பெரிய ஆளைக் கூட்டி வரும், அப்புறம் அது புகார் இல்லை, கட்டப்பஞ்சாயத்து. கடைசியில் "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். துணைக்கு வக்கீலோ வீட்டு ஆளோ வரட்டும், தப்பில்லை. பேச்சை மட்டும் அவரிடம் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது புகார் மனு. வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் வீட்டிலேயே நிதானமாக எழுதிக்கொண்டு போவதுதான் நல்லது. ஸ்டேஷனில் ரைட்டர் எழுதும்போது உங்கள் சம்பவம் அவருடைய வழக்கமான வாசகங்களுக்குள் போய்விடும். "தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள், எந்த அடிதடி மனுவிலும் இருக்கும். நடக்காததைச் சேர்த்தால் கேஸ் பலமாகும் என்று நினைத்து நாமே இதைச் செய்கிறோம். இரண்டு வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில், என்ன வார்த்தை சொன்னார், யார் கேட்டார்கள் என்று வக்கீல் கேட்கும்போது அந்த ஒரு வரி உண்மையாக நடந்ததையும் சேர்த்துக் கெடுத்துவிடும். தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள், இவை போதும். தாமதமாகப் போகிறீர்கள் என்றால் ஏன் என்று ஒரு வரி. சட்டப்பிரிவு எண்ணெல்லாம் அவர்கள் பாடு.

கைப்பேசி, வண்டி விஷயத்தில் இன்னொன்று உண்டு. பறித்துக்கொண்டு ஓடியிருப்பான், ஆனால் "காணாமல் போனதுன்னு எழுதுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார்கள். எழுதாதீர்கள். பறித்தது என்றால் வழக்கு. தொலைந்தது என்றால் வழக்கே இல்லை.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வரக் கூடாது. அதே சமயம் அதுதான் எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து நிம்மதியாகிவிடவும் கூடாது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறார்கள்: மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆக, மாதக்கணக்கில் "பெட்டிஷன் என்கொயரி" என்று இழுத்தடிக்க அதில் இடமில்லை. "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து, உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்.

போனில் "ஸ்டேஷனுக்கு வாங்க" என்றதும் பதறி ஓடுவதும் தவறு, கண்டுகொள்ளாமல் இருப்பதும் தவறு. எந்த விஷயமாக, எந்த அதிகாரி என்று மரியாதையாகக் கேட்டு, எழுத்தில் சம்மன் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து போட வேண்டியதில்லை. வெற்றுத்தாள் என்றால் கேள்வியே வேண்டாம், யார் கேட்டாலும் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு புகார் மனுவை வாங்க மறுத்தால் வாசலில் நின்று சண்டை போட்டு வீடியோ எடுப்பதில் பெரிய பயன் இல்லை. ஆத்திரத்தில் ஒரு வார்த்தை விட்டால் பணியைத் தடுத்ததாக உங்கள் மேலேயே கேஸ் திரும்பும். அதே மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். அங்கே முதலில் கேட்பதே எஸ்.பி.க்கு எழுதினீர்களா என்றுதான், அதனால் அந்தத் தபால் ரசீதை பத்திரமாக வையுங்கள்.