சுவர் வழியே போன பாட்டு: என் அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் நான் வாடகைக்கு இருக்கும் ஓட்டு வீட்டையும் பக்கத்து வீட்டையும் பிரிப்பது நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றுதான். “தம்பி, பாட்டுகூடப் பரவாயில்லை, அந்தத் தொம் தொம் அதிர்வுதான் தலைமாட்டில் வந்து இடிக்கிறது” என்று, நான் ஸ்பீக்கரில் பாட்டு கேட்பதைப் பற்றி பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சொன்னார்.

முதலில் சுவரில் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன், பயனில்லை. துணி அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, தொம் தொம் என்ற தாழ்சுருதி (பேஸ்) ஒலியைத் தடுக்காது. பிறகு, என் வீட்டில் பாட்டை ஓடவிட்டு, அக்கா வீட்டுச் சுவரில் கைவைத்துப் பார்த்தபோதுதான் (இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்) பொதுச் சுவரில் பதித்த சிமெண்ட் அலமாரிப் பலகையில் நான் ஸ்பீக்கரை வைத்திருந்ததே காரணம் என்று புரிந்தது. அதை எதிர்ச்சுவர்ப் பக்கம் மர முக்காலிக்கு மாற்றி, கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை மடித்து வைத்து, பேஸ் ஒலியைப் பாதியாகக் குறைத்தேன். அதிர்வு பெரும்பாலும் அடங்கியது.

மிஞ்சிய குரலொலி, சுவரின் மேல்விளிம்புக்கும் ஓட்டுக்கும் இடையிலிருந்த சந்து வழியே போனது. வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று அதைப் பூசி அடைத்தேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆனால் அக்காவின் குழந்தை ஒன்பதரைக்கே தூங்கிவிடுவதால், அதற்குமேல் நான் இயர்போனில்தான் கேட்கிறேன்.