மனுவில் பிரசங்கம் எதற்கு?

போன வாரம் இறையியல் மாணவர்கள் நாலு பேர் ஒரு மனுவைத் திருத்தக் கொடுத்தார்கள். ஆறு பக்கம். முதல் மூன்று பக்கமும் ஆமோஸ், ஏசாயா, மீகா என்று வேதாகமத் தீர்க்கதரிசிகளின் வசனங்கள். பள்ளிக்கூடத்து வாசலில் சாலையைக் கடக்க முடியாமல் பிள்ளைகள் நிற்கும் விஷயம் நாலாம் பக்கத்தில்தான் வருகிறது. நான் மாணவனாக எழுதிய முதல் மனுவும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. மனுவோடு அதிகாரிகளிடம் போகும்போது நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்; நேரத்துக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

என்ன வேண்டும் என்று தெரியாமல் போவது

ஒரு குடியிருப்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று அதிகாரியைப் பார்க்கப் போனோம். அந்தச் சந்திப்புக்கே இரண்டு மாதம் அலைந்திருந்தோம். கிடைத்தது பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் நான் பேசினேன்: தண்ணீர் கடவுளின் கொடை, தாகத்தோடு இருப்பவனுக்கு அதை மறுப்பது அநீதி, இப்படியே. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி தம்பி, நான் எதுல கையெழுத்துப் போடணும்?"

என்னிடம் பதில் இல்லை. "நீங்கதான் சார் பார்த்துச் செய்யணும்" என்றேன். "பார்க்கிறேன்" என்றார். முடிந்தது.

வெளியே வந்ததும், எங்களோடு வந்திருந்த அந்தக் குடியிருப்பு அக்கா கேட்டார்: "வால்வு உடைஞ்சு கிடக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி?" எந்த வால்வு, எந்தத் தெருமுனை, என்றைக்கு உடைந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். நான் அவரிடம் கேட்கவும் இல்லை, அவரைப் பேச விடவும் இல்லை. அடுத்த சந்திப்பு கிடைப்பதற்குள் கோடையே போய்விட்டது.

வேதம் தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் நெகேமியாவைப் பரீட்சைக்குப் படித்தவன்! அவர் பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த யூதர். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் நிலைமை காதில் விழுந்து சுமார் நாலு மாதம் கழித்துத்தான் அவர் ராஜாவிடம் வாய் திறக்கிறார். என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதும், எத்தனை நாள் ஆகும் என்று காலம் குறித்துச் சொல்கிறார். வழியிலுள்ள தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார். மரத்துக்கு வனக் காவலர் ஆசாபுக்கு ஒரு கடிதம், அதுவும் பெயர் சொல்லி. ஜெபமும் பண்ணினார்தான், ஆனால் அதை ராஜாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேரும் அப்படித்தான். தாங்களே மோசேக்கு முன் வந்து நின்று, தகப்பனுக்கு மகன் இல்லை, பங்கை எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். சட்டமே மாறியது.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பஸ்ஸில் காட்டிய நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கியவர்கள் முதலில் வைத்தது மூன்றே கோரிக்கை: கறுப்பினப் பயணிகளிடம் மரியாதையாக நடக்க வேண்டும், முதலில் வந்தவருக்கு இருக்கை, கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 26 வயது, இறையியல் படித்து முடித்த போதகர். ஆலயத்துக்குள் அவர் பேசிய பேச்சு வேறு, பஸ் கம்பெனிக்குப் போன தாள் வேறு. நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிடுகிறார்கள்.

திருச்சபையின் பெயரில் பேசுவது

யாரும் அந்த அதிகாரத்தைத் தரவில்லையென்றால், "நாங்கள் மாணவர்கள்" என்று சொன்னால் போதும்.

வேட்பாளருக்குப் பிரசங்க மேடை

வேண்டாம். ஒரு தடவைகூட.

போன இடத்தில் நம் காரியம்

ஊர்ப் பிரச்சினைக்காகப் போய் உட்கார்ந்துவிட்டு, கிளம்பும்போது ஆலயக் கட்டட அனுமதியைப் பற்றி மெதுவாக ஒரு வார்த்தை. பெரியவர்களே இதைச் செய்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் மாணவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் அந்த அதிகாரி உங்கள் அடுத்த மனுவை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

போட்டோவோடு முடித்துக்கொள்வது

மனு கொடுக்கும் போட்டோ அன்றைக்கே எல்லா குரூப்பிலும் வந்துவிடும். மனு எண்ணைக் கேட்டால் ஒருவரிடமும் இருக்காது.

அந்த நாலு பேரின் மனு இப்போது ஒன்றரைப் பக்கம்: வேகத்தடை, கடக்கும் கோடு, காலையும் மாலையும் ஒரு காவலர். பள்ளியின் ஆயா ஒருவரும் கூட வருகிறார், அவர்தான் முதலில் பேசப்போகிறார். மீகா வசனத்தை நீக்க மட்டும் ஒரு பையனுக்கு மனம் வரவில்லை, கடைசி வரியில் ஒட்டவைத்திருக்கிறான். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.