ஹக்கிள்பெரி ஃபின் நாவலை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். கடைசிவரை படித்துவிட்டு, "தெப்பத்தில் போகிற பையன் கதைதானே" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் இன்னும் அதிகம். இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். கதை சொல்லும் ஹக்கின் அறிவுக்கு எட்டுவது மட்டும்தான் நாவல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவன் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறான், ஆனால் பார்த்ததன் பொருள் பல இடங்களில் அவனுக்குப் புரிவதில்லை. புரிந்துகொள்ளும் வேலை வாசகருடையது. கதையின் முடிவையும் இங்கே பேசப்போகிறேன் என்பதால், இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் நாவலை முடித்துவிட்டு வருவது நல்லது.

முதல் தவறு, இதைச் சிறுவர் நூல் வரிசையில் வைப்பது. ஹக்கின் நண்பன் டாம் சாயரைப் பற்றி 1876-இல் வந்த கதையின் தொடர்ச்சி என்பதால் வருகிற குழப்பம் இது. டாமின் கதையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று ஹக்கே முதல் வரியில் சொல்லிவிடுகிறான். அதில் விடுமுறைக் குறும்பு இருக்கிறது. இதிலோ குடிகாரத் தகப்பன், மகன் பெயரில் இருக்கும் ஆறாயிரம் டாலருக்காக அவனைக் காட்டுக்குள் ஒரு குடிசையில் அடைத்துப் போட்டு அடிக்கிறான், போதையில் கத்தியோடு துரத்துகிறான். பையன் ஒரு காட்டுப்பன்றியைக் கொன்று அதன் ரத்தத்தைத் தரையில் சிந்தி, தன்னை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டதாக ஊரை நம்பவைத்துத் தப்புகிறான். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகளில் இந்தக் கொடூரம் தேய்ந்துபோகிறது. முழுப் பதிப்பையே தேடி வாங்குங்கள்.

இன்னொன்று காலக் கணக்கு. நாவல் 1884 டிசம்பரில் பிரிட்டனிலும் கனடாவிலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. கதை நடப்பதோ அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் முன்பு. இடையில் உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆகவே "அடிமை முறையை ஒழிக்க எழுதிய நாவல்" என்று சொல்வது சரியல்ல. ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆன ஒன்றைத் திரும்ப எடுத்துவைத்து, கோயிலுக்குப் போய்வந்த நல்ல மனிதர்கள் அதை எப்படி நியாயம் என்று நம்பினார்கள் என்று கேட்கிறார் ட்வைன். மிசௌரி மாநிலத்தின் ஹானிபல் ஊரில் வளர்ந்த அவருக்கு அந்த மனிதர்கள் அண்டை வீட்டார்.

வரைபடம் இல்லாமல் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அடிமையாக இருக்கும் ஜிம் தப்பிப் போகிறான், எதிர்க்கரையில் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் அடிமை முறை இல்லை. பிறகு எதற்கு அவனும் ஹக்கும் தெப்பத்தில் ஏறி மிசிசிப்பி ஆற்றில் தெற்கே, அடிமை மாநிலங்களுக்குள்ளேயே மிதந்து போகிறார்கள்? கதாசிரியர் சறுக்கிவிட்டார் என்று சிலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் இல்லினாயில் ஜிம்முக்குப் பாதுகாப்பு கிடையாது. சுதந்திரச் சான்று கையில் இல்லாத கறுப்பினத்தவரைப் பிடித்துவைக்க அங்கே சட்டம் இடம் கொடுத்தது. ஜிம் தலைக்கு முந்நூறு டாலர் வெகுமதி வேறு. அவனை இல்லினாய் முழுக்கத் தேடப்போவதாகச் சொல்லித்தான் ஹக்கின் தகப்பன் நீதிபதியிடம் பணம் வாங்கிப் போகிறான்.

அதனால் திட்டம் இதுதான்: ஆற்றின் போக்கிலேயே கெய்ரோ என்ற ஊர்வரை போவது, தெப்பத்தை விற்பது, அங்கே வந்து கலக்கும் ஒஹையோ ஆற்றில் நீராவிக் கப்பல் ஏறி வடகிழக்கே சுதந்திர மாநிலங்களுக்குப் போய்விடுவது. ஒரு ராத்திரி மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிடுகிறார்கள். பின்னர் ஒரு நாள் பொழுது விடிந்ததும் பார்த்தால் கரையோரம் தெளிந்த நீர், அதற்கு அப்பால் பழைய கலங்கல். தெளிந்தது ஒஹையோவின் தண்ணீர். ஊர் பின்னால் போய்விட்டது. தெப்பத்தை எதிர்நீச்சலில் மேலே கொண்டுபோக முடியாது, படகும் காணாமல் போகிறது. இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மைலும் ஜிம்முக்கு ஆபத்துதான். ஹக் அதை ஆற்றழகாகவும் நட்சத்திரமாகவும் சொல்லிக்கொண்டு போவான். நாம் அந்த அழகில் மயங்கி ஜிம்மை மறந்துவிடக் கூடாது.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 31-ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். ஜிம்மைக் காட்டிக்கொடுத்து அவனுடைய எஜமானி மிஸ் வாட்சனுக்கு ஹக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல மனசு லேசாகிறது. அப்புறம் ஜிம்மை நினைத்துப் பார்க்கிறான்: தனக்காகச் சேர்த்துக் காவல் நின்ற ராத்திரிகள், மூடுபனியிலிருந்து திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கண்ட சந்தோஷம். நரகத்துக்கே போனாலும் போகட்டும் என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். இதைப் படித்துவிட்டு, "அடிமை முறை தவறு என்று ஹக் உணர்ந்துவிட்டான்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அவன் அப்படி உணரவே இல்லை. அடுத்தவர் சொத்தைத் திருடுகிறோம், அதற்கு நரகம் நிச்சயம் என்றே நம்புகிறான். நம்பிக்கொண்டே அந்தப் பாவத்தைச் செய்யத் துணிகிறான். ஊர் ஊட்டி வளர்த்த மனசாட்சி கோணலாக இருக்கிறது, அதை நல்ல இதயம் தோற்கடிக்கிறது என்று பின்னாளில் ட்வைன் தம் குறிப்பேட்டில் எழுதினார். சீர்திருத்தக்காரன் எடுக்கும் நிலைப்பாட்டைவிட இது பெரிது என்பது என் எண்ணம். ஹக்குக்குத் துணையாக ஒரு கொள்கைகூட இல்லை.

ஜிம்மை வெள்ளந்தி என்று நினைப்பதும் ஹக்கின் கண்ணால் பார்ப்பதால் வருகிற தவறே. மிதந்து வந்த ஒரு வீட்டுக்குள் முதுகில் சுடப்பட்ட பிணம் கிடக்கிறது. ஜிம் அதன் முகத்தை மூடி, ஹக்கைப் பார்க்கவிடாமல் தடுக்கிறான். அது ஹக்கின் தகப்பன் என்று கடைசி அத்தியாயத்தில்தான் சொல்கிறான். பையன் மனசு நோகக்கூடாது என்ற பரிவு அதில் இருக்கிறது. தகப்பன் செத்தது தெரிந்தால் ஹக்குக்கு ஓட வேண்டிய காரணமே போய்விடும், தன் கதி என்னாவது என்ற கணக்கும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். 23-ஆம் அத்தியாயத்தில் தன் நான்கு வயது மகள் எலிசபெத்தைப் பற்றிச் சொல்கிறான். கதவைச் சாத்தச் சொன்னான், அவள் சிரித்துக்கொண்டே நின்றாள், அறைந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் காற்றில் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் படாரென்று அடித்துச் சாத்துகிறது. குழந்தை அசையவில்லை. காய்ச்சலில் காது போயிருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. ஹக் இதற்கு ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்வதில்லை. அத்தியாயம் அங்கேயே முடிகிறது.

நாவலில் இருநூறு தடவைக்கு மேல் வரும், கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அது அந்த ஊர் மனிதர்களின் பேச்சு. வலிக்கிறது என்று சொல்லும் கறுப்பின வாசகர்களிடம் "இலக்கியம் தெரியவில்லை" என்று வாதாடுவதும் தவறு, அந்தச் சொல்லை வைத்தே புத்தகத்தைத் தூக்கிப்போடுவதும் தவறு.

கடைசிப் பகுதியை விட்டுவிடலாம் என்ற யோசனை அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொல்லிப் பரவியது. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு நாவலிலிருந்து வந்தது என்று 1935-இல் எழுதிய அவரே, ஜிம் பறிபோகும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மீதி ஏமாற்று என்றும் எழுதினார். உண்மையில் அந்தப் பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்கள் எரிச்சலூட்டும். பூட்டிவைத்த ஜிம்மை மீட்பதற்குப் பதிலாக, புத்தகங்களில் படித்த சிறைதப்பும் விளையாட்டை டாம் சாயர் அவன்மேல் ஆடிப்பார்க்கிறான். மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே இறந்துபோய், உயிலில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டார் என்பது டாமுக்கு முதலிலிருந்தே தெரியும்.

ஆனால் தவிர்த்துவிட்டால் ஒரு கணக்கு கைநழுவிப் போகும். 16-ஆம் அத்தியாயத்தில் ஆள் பிடிக்க வந்த இருவர், தெப்பத்தில் பெரியம்மை என்று பயந்து ஹக்குக்கு ஆளுக்கு இருபது டாலர் தங்கக் காசு மிதக்கவிட்டு ஓடுகிறார்கள், ஆக நாற்பது. பின்னால் 'ராஜா' என்று சொல்லித் திரியும் மோசடிக்காரன் ஜிம்மை விற்பது நாற்பது டாலருக்கு. கடைசியில், பொறுமையாகக் கைதியாக இருந்ததற்காக டாம் ஜிம்மின் கையில் கொடுப்பதும் நாற்பது டாலர். ஜிம் சந்தோஷப்படுகிறான் என்று ஹக் சொல்கிறான். குண்டடிபட்ட டாமுக்காக, கிடைத்த விடுதலையையும் விட்டுவிட்டு மருத்துவரோடு நின்றவன் அவன். உழைத்துப் பணம் சேர்த்து மனைவியை மீட்பேன், பிள்ளைகளையும் எப்படியாவது கொண்டுவந்துவிடுவேன் என்று தெப்பத்தில் சொன்னவன். மனைவி, பிள்ளைகளைப் பற்றிக் கடைசி அத்தியாயத்தில் ஒரு சொல் இல்லை.

அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டு ஜிம்மின் வாயாலேயே கதையைச் சொல்லும் 'ஜேம்ஸ்' நாவலைப் பெர்சிவல் எவரெட் 2024-இல் எழுதினார். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதை ட்வைனுக்கு உரைநூல் மாதிரி முதலில் படித்துவிடாதீர்கள். எவரெட் பல இடங்களில் கதையையே மாற்றியிருக்கிறார். எதை மாற்றினார், எதை விட்டுவைத்தார் என்பது மூல நாவலைப் படித்திருந்தால்தான் தெரியும்.