உங்கள் புறநகர் யாருக்கு வாக்களிக்கிறது: காட்பாடியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

காந்திநகரிலும் தாராபடவேட்டிலும் குடியிருப்போர் சொத்து வரி கட்டுவது வேலூர் மாநகராட்சிக்கு. சட்டமன்றத்துக்கு வாக்களிப்பது காட்பாடித் தொகுதியில். நாடாளுமன்றத்துக்கோ அரக்கோணம் தொகுதியில். 2019 ஏப்ரலில் பணம் கைப்பற்றப்பட்ட விவகாரத்தால் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானபோது, இவர்கள் அரக்கோணத்துக்காக ஏப்ரல் 18 அன்றே வாக்களித்துவிட்டார்கள். பாலாற்றின் தென்கரையில் இருந்த வேலூர் நகரத்தார் ஆகஸ்ட் 5 வரை காத்திருந்தார்கள். ஆகவே, ஒரு புறநகரின் அரசியல் சாய்வை அறிய விரும்புவோர், அந்தப் பகுதி எந்தெந்தத் தொகுதிகளுக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வேலூர் எம்.பி. தேர்தல் முடிவைக் கொண்டு காட்பாடியைப் பற்றிப் பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்து வாக்காளர் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்களும் வாக்குச்சாவடியின் பெயரும் இருக்கும். உங்கள் பகுதிக்குரிய பாக எண்களைக் குறித்துக்கொண்டு, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும் படிவம் 20-ஐத் திறந்தால், ஒவ்வொரு சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு, நோட்டாவுக்கு எத்தனை என்பது வரிசையாகத் தெரியும். பல ஆண்டுகளின் படிவங்கள் கோணலாக ஸ்கேன் செய்யப்பட்டவை. 3 எது, 8 எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். கூட்டுத்தொகையைச் சரிபார்க்காமல் எந்த வரியையும் நம்ப வேண்டாம். சாவடி எண்ணும் நிலையானதன்று. சாவடிகள் பிரிக்கப்படும்போது எண்கள் நகரும். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் கூடாது என்று 2025-இல் வரம்பு குறைக்கப்பட்ட பிறகு இது இன்னும் கூடும். ஆகையால் எண்ணோடு எண்ணை ஒப்பிடாமல், தெருவோடு தெருவை ஒப்பிடுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது கூட்டணிக் கணக்கில்தான். காட்பாடியில் தி.மு.க.வின் துரைமுருகன் 2016-இல் 23,946 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021-இல் அதே வேட்பாளர் 746 வாக்கு வித்தியாசத்தில்தான் கரையேறினார். ஊரே மனம் மாறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2016-இல் தனித்து நின்ற பா.ம.க., 2021-இல் அ.தி.மு.க. அணியில் இருந்தது. வட மாவட்டங்களில் இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு தேர்தல்களை ஒப்பிடுவது வீண் வேலை. 2016-இன் சாவடிக் கணக்கில் அ.தி.மு.க., பா.ம.க. வாக்குகளை முதலில் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையையே 2021-இன் அ.தி.மு.க. வாக்கோடு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்த பின்னும் எஞ்சும் ஏற்ற இறக்கமே உண்மையான நகர்வுக்கு நெருக்கமானது. அதிலும்கூட, ஒரு கட்சியின் வாக்கு முழுவதும் கூட்டணிக்கு வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மொத்த வித்தியாசம் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர்த் தேர்தலே சான்று. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் ஆகிய மூன்று சட்டமன்றப் பிரிவுகளிலும் இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகமே முன்னிலை பெற்றார். வாணியம்பாடியில் மட்டும் தி.மு.க.வுக்கு 22,000-க்கு மேல் கிடைத்த முன்னிலைதான் முடிவைத் தீர்மானித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சட்டமன்ற இடைத்தேர்தலில் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது இதே குடியாத்தம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'இது இன்ன கட்சியின் கோட்டை' என்று சொல்ல யாருக்கும் நா எழாது. சண்முகம் 2014-இலும் 2024-இலும் தாமரையில் நின்றவர். வேட்பாளருக்கு விழும் வாக்கையும் சின்னத்துக்கு விழும் வாக்கையும் பிரித்துப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

மாநகராட்சி வார்டுத் தேர்தலைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடிநீரும், சாக்கடையும், நேரில் பழகிய முகமும் கட்சியை முந்திக்கொள்ளும்.

தபால் வாக்குகள் சாவடிவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை. படிவத்தின் இறுதியில் தொகுதிக்கு மொத்தமாகவே வரும். தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நிறைந்த குடியிருப்பில் அதனால் சாவடிக் கணக்கு சற்றுக் குறையுடையதாகவே இருக்கும். 746-இல் முடிவான தொகுதியில் இது சிறிய விஷயமன்று. ஒரு தெருவின் சாதியையோ மதத்தையோ வைத்து அந்தத் தெருவின் வாக்கை ஊகித்து எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். ஆயிரம் பேர் வாக்களித்த சாவடியின் எண்ணிக்கை, அதிலுள்ள ஒரு தெரு என்ன செய்தது என்பதைச் சொல்லாது. ஐயம் எழும் இடங்களில், பல தேர்தல்களில் அந்தச் சாவடியில் உட்கார்ந்த பூத் ஏஜென்ட்டுகளிடம் கேளுங்கள். ஒரே கட்சிக்காரரிடம் கேட்டு நிறுத்தாமல், எதிரணியில் உட்கார்ந்தவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.