அலைனர் போட்டவர்கள் சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

பல்லுக்குக் கம்பி கட்டியவர்களிடம் முறுக்கு, கரும்பு, சூயிங் கம் என்று தொடக்கூடாதவற்றின் பட்டியலையே டாக்டர் கொடுத்துவிடுவார். அலைனர் என்பது பல்லை வரிசைப்படுத்த அதன்மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை. அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்பதால், "எதை வேண்டுமானாலும் சாப்பிடலாமாம்" என்ற நம்பிக்கையில்தான் பலர் அதற்குச் சம்மதிக்கிறார்கள். அது பாதி உண்மை. எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை தடவை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். அங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

பெரும்பாலான டாக்டர்கள் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அலைனர் வாயில் இருக்க வேண்டும் என்கிறார்கள். 22 மணி நேரம் என்றால் உங்கள் கையில் இருப்பது 120 நிமிடம். காலை டிஃபனுக்கு 25, மதியச் சாப்பாட்டுக்கு 35, இரவுக்கு 30 என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் பல் துலக்கித் திரும்ப மாட்ட ஐந்து நிமிடம். மொத்தம் 105 ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் கால் மணி நேரத்துக்குள் எழுந்ததும் குடிக்கும் காபி, பதினொரு மணி டீ, சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் எல்லாம் அடங்காது. அலைனர் ஒரு செட்டாக வரும்; அதில் ஒவ்வொன்றையும் டிரே என்பார்கள், ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் போட வேண்டும். ஒரு டிரே பல்லை நகர்த்துவதே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். நேரம் குறைந்தால் அந்த நகர்வு முடியாமலே அடுத்த டிரேக்கு மாறுவோம். குறை சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் டிரே பல்லோடு படியாது; இடையில் சந்து தெரியும். அப்புறம் மறுபடி அளவெடுத்துப் புது செட் செய்ய வேண்டிவரும்.

எனவே காபியை விட வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். எழுந்தவுடன் குடிப்பதை இட்லியோடு சேர்த்துக் குடியுங்கள். இரண்டு டீயில் ஒன்றை விட்டுவிட்டு, நொறுக்குத் தீனியை மற்றதோடு சேர்த்து முடித்துவிடுங்கள். நடுநடுவே வாயில் போட்டுக்கொள்ளும் கடலை, மிக்சர் பழக்கம் தானாகவே குறையும்.

"கழற்றாமலே காபி குடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. அலைனர் சூட்டில் இளகும் பிளாஸ்டிக். ஆவி பறக்கும் காபி பட்டால் வடிவம் மாறக்கூடும். மாறினால் பல்லை நகர்த்த வேண்டிய விதத்தில் அது நகர்த்தாது. "தண்ணீர்தானே" என்று வெந்நீர் குடிப்பதும், டிரேயை வெந்நீரில் கழுவுவதும் இதே தவறுதான். சூடில்லாத வெறும் தண்ணீரை மட்டும்தான் அலைனரோடு குடிக்கலாம். இளநீர், மோர், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் உடம்புக்கு நல்லவைதான். ஆனால் அவற்றிலுள்ள இனிப்போ புளிப்போ டிரேக்கும் பல்லுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடும். ஸ்ட்ரா போட்டுக் குடித்தாலும் உள்ளே போகத்தான் செய்யும்.

இந்தத் தங்கல்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. சாதாரணமாகச் சாப்பிட்டபின் உமிழ்நீர் பல்லைக் கழுவி, அமிலத்தைத் தணித்துவிடும். அலைனர் மூடியிருந்தால் உமிழ்நீர் அங்கே சரியாகப் போய்ச் சேராது. சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் விடும் அமிலம் மணிக்கணக்கில் எனாமல் மேலேயே நிற்கும். பல்லில் சுண்ணாம்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். இதில் மோசமானது, ராத்திரி படுக்கும்முன் சர்க்கரை போட்ட பால் குடித்துவிட்டு அப்படியே டிரேயை மாட்டிக்கொண்டு தூங்குவது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதே குறைவு. பால் வேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டோடு குடித்துவிட்டு, பல் துலக்கி, டிரேயை மாட்டிவிடுங்கள். அதன்பின் தண்ணீர் மட்டும்.

வெளியில் சாப்பிட்டால் பல் துலக்க முடியாதே என்று, வீடு திரும்பும்வரை டிரேயைப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. தேவையில்லை. நன்றாக இரண்டு மூன்று தடவை வாய் கொப்பளித்து, டிரேயையும் குழாயடியில் அலசி மாட்டிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனதும் துலக்கலாம். புளிக்குழம்பு, ஆரஞ்சு மாதிரிப் புளிப்பானவை சாப்பிட்டிருந்தால் உடனே துலக்காமல் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரமாவது கழித்துத் துலக்குவதே எனாமலுக்கு நல்லது.

மஞ்சள் கறை விஷயத்தில் எல்லோரும் டிரேயைப் பார்த்தே கவலைப்படுகிறார்கள். டிரேயை எப்படியும் ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றிவிடுவோம். டிரேக்குப் பிடிமானம் கிடைக்க டாக்டர் பல்லின்மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன மேடுகளான அட்டாச்மென்ட்டுகள்தான் மாதக்கணக்கில் இருப்பவை. சாம்பாரும் டீயும் அவற்றில் கறையேற்றும். சாப்பிட்டதும் கொப்பளிப்பதும், ஒழுங்காகத் துலக்குவதும்தான் வழி. தட்டை, கல்கண்டு, கரும்பு போன்றவற்றை முன்பல்லால் கடித்தால் அட்டாச்மென்ட் பெயர்ந்துவிடும். சின்னதாக உடைத்துக் கடைவாயில் மெல்லுங்கள்.

புது டிரே போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கடிக்க வலிக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினால் முதல் சில மணி நேர வலி தூக்கத்தில் போய்விடும். மறுநாள் இடியாப்பம், தயிர்சாதம், குழைந்த பொங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். வலிக்கும் கழற்றுகிற தொல்லைக்கும் பயந்து வேளைச் சாப்பாட்டையே தவிர்ப்பது தப்பு. முக்கியமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அப்படிச் செய்யவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடச் சொல்லியிருந்தால், அதைப் பல் டாக்டரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அணியும் நேரத்தை அவர் அதற்கேற்பத் திட்டமிடட்டும்.

கல்யாண வீட்டில் டிரேயைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைக்காதீர்கள். இலையை மடித்தால் அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். பெட்டி எப்போதும் பையில் இருக்கட்டும். தொலைந்துவிட்டால், இதற்கு முன் போட்ட டிரேயை உடனே மாட்டிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அதனால்தான் பழைய டிரேயைத் தூக்கிப் போடக்கூடாது என்கிறார்கள். அடுத்த டிரேக்குத் தாவலாமா, பழையதோடு காத்திருக்கலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.