ஒன்ராறியோவில் தரம் 11 உளவியல்: கோடை விடுமுறையில் எப்படி ஆயத்தமாவது?

கனடாவுக்குப் புதிதாக வந்து, செப்டெம்பரில் ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியொன்றில் தரம் 11-இல் சேரவிருக்கும் பிள்ளைகளில் பலர், உளவியல் என்ற பாடத்தை முதன்முதலாகப் பாடத்தெரிவுப் படிவத்தில்தான் காண்கிறார்கள். அது இங்கே பெரும்பாலும் தனிப் பாடமாக வருவதில்லை. மானிடவியல், உளவியல், சமூகவியல் என்ற மூன்று துறைகளுக்குமான அறிமுகமாக, ஒரே பாடநெறியாக வருகிறது. அதன் குறியீடு எச்எஸ்பி3யூ என்றிருந்தால் அது பல்கலைக்கழக ஆயத்தப் பாடம். எச்எஸ்பி3சி என்றிருந்தால் கல்லூரி ஆயத்தப் பாடம். முதலாவதில் சேர, தரம் 10-இன் அக்கடமிக் (கோட்பாட்டுக்கு முதன்மை தரும் நிலை) ஆங்கிலத்தையோ அக்கடமிக் வரலாற்றையோ முடித்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு அப்படி எந்த முன்தகுதியும் இல்லை. ஊரில் படித்த ஆண்டுகளுக்கு எத்தனை கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான கணக்கு அலகு) தரப்படும் என்பதைப் பள்ளியே மதிப்பிட்டு முடிவுசெய்யும். ஆகவே ஊர்ப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல்களை எடுத்துக்கொண்டு வழிகாட்டல் ஆலோசகரை நேரில் பார்த்து, எந்தக் குறியீட்டுக்குப் பிள்ளை தகுதி பெறுகிறார் என்று கேட்டுவிடுங்கள். கோடையின் நடுவில் பள்ளி அலுவலகங்கள் மூடியிருப்பதுண்டு என்பதால் இதை ஜூனிலேயே முடித்துவிடுவது நல்லது.

இனி, விடுமுறையில் என்ன படிப்பது? புரொய்ட், ஸ்கின்னர், பியாஜே என்று பெயர்களையும் கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்யத் தொடங்குவதைத்தான் நம் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறேன். உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பாடத்தில் மதிப்பெண் பெற்றுத் தருவது அது அல்ல. ஒரு கூற்றைத் தந்து, அதற்கு என்ன சான்று இருக்கிறது, அந்தச் சான்று எவ்வாறு திரட்டப்பட்டது, அதில் குறை என்ன என்று மாணவரே ஆராய்ந்து எழுத வேண்டும் என்று இங்கே எதிர்பார்க்கிறார்கள். ஆய்வுத் திறன்களுக்கென்றே பாடத்திட்டத்தில் தனிப் பிரிவு ஒன்றும் உண்டு. தவிர, இறுதி மதிப்பீட்டுக்கு 30 சதவீதம்தான்; மீதி 70 சதவீதம் தவணை முழுவதும் எழுதும் கட்டுரைகள், அறிக்கைகள், பேச்சுகள், சோதனைகளிலிருந்து வருகிறது. கடைசி வாரத்தில் கண் விழித்துப் படித்து ஈடுகட்ட முடியாத ஏற்பாடு இது.

எனவே விடுமுறையில் ஓர் ஆய்வை முழுமையாகப் புரிந்துகொள்ளப் பழகுவதே சிறந்த ஆயத்தம் என்பது என் உறுதியான கருத்து. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஒருவரின் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர், அதன்பின் புதிய நிகழ்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றலை இழந்தார். மொன்றியலில் பணியாற்றிய உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், இரட்டைக் கோட்டால் வரைந்த ஒரு நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் இடையே பென்சிலால் வரையச் சொன்னார். முன்பு அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. ஆயினும் நாளுக்கு நாள் அவருடைய பிழைகள் குறைந்தன. நினைவு என்பது ஒரே வகையானதல்ல, கை பழகுவதற்கும் நிகழ்ந்ததை நினைவுகூர்வதற்கும் மூளையில் வேறுவேறு வழிகள் உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நட்சத்திரத்தை வரைந்து, முன்னே கண்ணாடியை நிறுத்தி, கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஓர் அட்டையால் மறைத்துவிட்டு, தம்பியையோ அம்மாவையோ பத்து முறை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பென்சில் எத்தனை தடவை கோட்டைத் தாண்டியது என்று எண்ணிக் குறியுங்கள். எத்தனையாவது முயற்சி என்பது சாரா மாறி, அதாவது நாம் மாற்றிப் பார்ப்பது. பிழைகளின் எண்ணிக்கை சார்ந்த மாறி, அதாவது அதனால் மாறுகிறதா என்று நாம் அளப்பது. பிறகு கேள்விகளைத் தொடங்குங்கள்: ஒருவரை மட்டும் வைத்து எல்லோரையும் பற்றிப் பேசலாமா? இடக்கைப் பழக்கம் உள்ளவர் செய்தால் என்ன ஆகும்? களைப்பு முடிவை மாற்றியிருக்குமா? இவற்றுக்கான விடைகளை ஒரு பக்க அளவில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், செப்டெம்பரில் கேட்கப்படும் முதல் அறிக்கை அச்சமூட்டாது.

இதே கண்ணோடு இன்னோர் ஆய்வையும் படியுங்கள். அல்பேர்ட்டாவில் பிறந்த அல்பேர்ட் பண்டூரா 1961-இல் வெளியிட்ட பொபோ பொம்மை ஆய்வில், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அடித்தார்கள். அடி வாங்கவே செய்யப்பட்ட ஒரு பொம்மையை அடிப்பதை வன்முறை என்று கொள்ளலாமா என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பும் மாணவரை ஆசிரியர் மறக்க மாட்டார்.

புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள உளவியல் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது கல்லூரி மாணவர்களுக்கானது; பதினாறு அத்தியாயங்களையும் படிக்க முயன்றால் ஜூலையிலேயே சோர்ந்துவிடுவீர்கள். ஆய்வு முறைகள் பற்றிய 2-ஆம் அத்தியாயம், கற்றல் பற்றிய 6-ஆம் அத்தியாயம், நினைவு பற்றிய 8-ஆம் அத்தியாயம் ஆகிய மூன்றும் போதும். நாளுக்கு இரண்டு பக்கம் படித்து, ஆங்கிலக் கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டு வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணத்தைத் தமிழிலேயே எழுதிவையுங்கள். குக்கர் விசில் கேட்டதும் வாயில் எச்சில் ஊறுவதை எழுதிவைத்த பிள்ளைக்கு, உணவோடு சேர்த்துப் பழகிய ஓசையைக் கேட்டதுமே எச்சில் ஊறிய பவ்லோவின் நாய் மறக்காது.

பெற்றோரிடம் ஒன்று: இந்தப் பாடத்தை எடுப்பதால் கணிதமோ அறிவியலோ கைவிட்டுப் போவதில்லை; டிப்ளோமாவுக்கான 30 கிரெடிட்களில் இது ஒன்று மட்டுமே. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் ஆறு பாடங்கள் தரம் 12-க்கு உரியவை என்பதால், இது அந்தக் கணக்கில் சேராது என்பதையும் அறிந்திருங்கள்.

போரையோ இடப்பெயர்வையோ நெருங்கிய இழப்பையோ கடந்து வந்த பிள்ளைகளுக்கு, மனவடு, மனநோய் பற்றிய பாடங்கள் பாரமாக இருக்கக்கூடும். அந்தப் பகுதி எப்போது வரும் என்று முன்கூட்டியே ஆசிரியரைக் கேட்பதில் தவறில்லை; வேறு தலைப்பில் கட்டுரை எழுத அனுமதி கேட்கலாம். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், கிட்ஸ் ஹெல்ப் போன் 1-800-668-6868 என்ற எண்ணில் நாள் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆங்கிலம் இன்னும் கைவராதவர்கள், சோதனையில் கூடுதல் நேரமும் இருமொழி அகராதியும் கிடைக்குமா என்று முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேளுங்கள்.