வலைத்துணிக்குப் பின்னால் ஆவி முன்கூட்டியே தெரிந்தால்: என் அனுபவம்

இறந்த காதலி பௌர்ணமியில் திரும்பி வரும் நாட்டார் கதையை எங்கள் இளைஞர் குழு மேடையேற்றியது. வலைத்துணி என்பது முன்னால் வெளிச்சம் பட்டால் திரைபோல மறைக்கும், பின்னால் வெளிச்சம் வந்தால் ஊடே காட்டும் மெல்லிய மேடைத்துணி. அதற்குப் பின்னால் அவள் மெல்ல உருவாக வேண்டும். ஒத்திகையிலோ, நாயகன் பாடத் தொடங்கியதுமே அவள் மங்கலாகத் தெரிந்துவிட்டாள்.

பின்பக்க விளக்குகள் கசிகின்றனவோ என்று பிளக்கையே பிடுங்கிப் பார்த்தோம். மாற்றமில்லை. துணியை இரட்டையாகத் தொங்கவிட்டோம். அதில் அலையலையாகக் கோடுகள் விழுந்ததோடு, தெரிய வேண்டிய நேரத்திலும் அவள் சரியாகத் தெரியவில்லை.

அவள் தாடையின் அடிப்பக்கம்தான் முதலில் தெரிகிறது என்பதைக் கவனித்தபோதுதான் பிடி கிடைத்தது. அப்படியென்றால் வெளிச்சம் கீழிருந்து வருகிறது! அரங்கின் முன்பக்கத்திலிருந்து நேராக அடித்த விளக்கு, துணியின் கண்கள் வழியே புகுந்து, பின்னாலிருந்த வெளிர்நிறத் தரையில் பட்டு அவள் முகத்துக்கு ஏறியிருக்கிறது.

நேர் விளக்குகளை அணைத்து, துணிக்கு அருகே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சாய்வாக வெளிச்சம் போட்டோம். பின்னால் தரையிலும் சுவரிலும் கறுப்புத் துணி. அவ்வளவுதான், அவள் முழுசாக மறைந்தாள். அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் ஒன்று: பின்விளக்கு ஏறும் அதே வேகத்தில் முன்விளக்கு இறங்க வேண்டும். நடிகை துணியை ஒட்டி நிற்கவே கூடாது. சாய்வு வெளிச்சம் அவள் கைகளைப் பிடித்துவிடும்.